டான்சில் அகற்றலும் தனியார் மருத்துவக் காப்பீடும்

டான்சில் அகற்றல் என்பது தொண்டையின் இரு பக்கமும் உள்ள அடிநாச்சதைகளை அறுவை செய்து எடுப்பதாகும். காது மூக்கு தொண்டை மருத்துவத்தில் மிகப் பழைய, மிக வழக்கமான அறுவைகளில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கே செய்யப்படுகிறது. ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடலாம். ஆனால் இந்தியாவில் தனியார் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரம் எதை எடுத்துப் பார்த்தாலும், காத்திருப்புக் காலப் பட்டியலில் குடலிறக்கம், கண்புரை, மூலம் ஆகியவற்றோடு இந்தச் சிறு அறுவையும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கும்.

இது பற்றி மக்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. பிள்ளைக்கு டான்சில் எடுக்க வேண்டும் என்கிறார்கள், பாலிசி பணம் தருமா என்பது ஒன்று. சின்ன வயதிலேயே டான்சில் எடுத்தாயிற்று, இனிப் பாலிசி எடுத்தால் அது தடையாகுமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பெரும்பாலும் ‘ஆகாது’ என்பதே விடை. முதல் கேள்விக்கு விடை நோயில் இல்லை, தேதியில் இருக்கிறது. பாலிசி தொடங்கிய நாளும், மருத்துவர் முதன்முதலில் எழுதித் தந்த சீட்டின் நாளும் எப்படி அமைகின்றன என்பதே பணம் வருவதையும் வராததையும் தீர்மானிக்கிறது.

எடுக்கப்படுவது எது

வாயைத் திறந்தால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதன் இரு புறமும் தொண்டைச் சுவரில் பதிந்திருப்பவை டான்சில்கள். மூக்கின் பின்புறம், மேலே கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது அடினாய்டு. மூன்றையும் சேர்த்து ‘சதை வளர்ந்திருக்கு’ என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். நாஞ்சில் நாட்டில் ‘உள்நாக்கு வளர்ந்துட்டு’ என்று சொல்லி வருபவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது டான்சில் வீக்கம்தான். பேச்சில் இது பரவாயில்லை. காப்பீட்டுப் படிவத்தில் அப்படி எழுதக் கூடாது. டான்சில் அகற்றல், அடினாய்டு அகற்றல், இரண்டும் சேர்ந்தது ஆகியவை தனித்தனி அறுவைகளாகப் பதிவாகின்றன. மருத்துவமனைச் சுருக்கத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே படிவத்தில் எழுத வேண்டும்.

டான்சில்கள் நிணநீர்த் திசுக்கள். வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வரும் கிருமிகளை உடல் இனங்கண்டுகொள்ள உதவுபவை. இளம் வயதில் பெரிதாக இருந்து, வளர வளரச் சுருங்கும். எடுத்துவிட்டால் உடலின் எதிர்ப்பாற்றல் போய்விடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. அந்த வேலையைச் செய்ய உடலில் வேறு நிணநீர்த் திசுக்கள் ஏராளம் இருப்பதால், நடைமுறையில் பெரிய குறை தெரிவதில்லை. ஆயினும் இப்போது மருத்துவர்கள் சட்டென்று எடுத்துவிடுவதில்லை. ஓராண்டில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு மூன்று முறை என்ற அளவில் கடுமையான தொண்டை அழற்சி வந்தால்தான் அறுவையைப் பற்றிப் பேசுவது என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் ஓர் அளவுகோல். வீங்கிய சதை தூக்கத்தில் மூச்சை அடைப்பது இன்னொரு காரணம். பிள்ளை குறட்டை விடுகிறது, நடுநடுவே மூச்சு நின்று திணறி எழுகிறது, பகலில் சோர்ந்து கிடக்கிறது என்றால் எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இந்த அளவுகோலைக் கவனித்தால் காப்பீட்டு நிறுவனத்தின் மனமும் விளங்கும். விபத்தில் கை முறிவதுபோல் டான்சில் அறுவை திடீரென வருவதில்லை. ஒன்றிரண்டு ஆண்டுகள் முன்கூட்டியே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு பாலிசி எடுத்து, அடுத்த மாதமே அறுவை செய்து, பணத்தைப் பெற்றுக்கொண்டு பாலிசியை விட்டுவிடலாம். எல்லாரும் அப்படிச் செய்தால் காப்பீடு என்ற ஏற்பாடே நிற்காது. ஆகவேதான் காத்திருப்பு.

இரண்டு காத்திருப்புகள்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019 செப்டம்பரில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விலக்கு வாசகங்களை வகுத்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் எழுதிவந்தது. அந்த வாசகங்களில் டான்சிலைத் தொடுபவை மூன்று.

முதலாவது, பாலிசி தொடங்கிய முதல் 30 நாள். விபத்து தவிர எந்த நோய்க்கும் பணம் கிடையாது. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது, குறிப்பிட்ட நோய்களுக்கும் அறுவைகளுக்குமான காத்திருப்பு. பெரும்பாலான பாலிசிகளில் இது 24 மாதம். 2024 விதிகளின்படி எந்த நிறுவனமும் இதை 36 மாதத்துக்கு மேல் வைக்க முடியாது. 2020 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் விற்றாக வேண்டிய பொது பாலிசியான ‘ஆரோக்கிய சஞ்சீவனி’யை எடுத்துக்கொள்வோம். அதன் 24 மாதப் பட்டியலின் தொடக்கத்திலேயே தீங்கற்ற காது மூக்கு தொண்டைக் கோளாறுகள், டான்சில் அகற்றல், அடினாய்டு அகற்றல் ஆகியவை வருகின்றன. பலர் தவறவிடும் இடம் இதுதான். பாலிசி எடுக்கும்போது பிள்ளைக்குத் தொண்டையில் எந்தக் குறையும் இல்லாதிருக்கலாம். பாலிசி எடுத்து எட்டு மாதம் கழித்துத்தான் முதல் அழற்சியே வந்திருக்கலாம். அப்படியிருந்தும் 24 மாதம் முடியும்வரை அந்த அறுவைக்குப் பணம் வராது. ‘நான் எதையும் மறைக்கவில்லையே’ என்ற வாதம் இங்கே எடுபடாது. இது மறைத்ததற்கான தண்டனை இல்லை, எல்லாருக்கும் பொதுவான வரிசை.

மூன்றாவது, முன்பிருந்தே உள்ள நோய்க்கான காத்திருப்பு. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் மருத்துவர் ஒருவர் கண்டறிந்த நோயும், அந்தக் காலத்துக்குள் மருத்துவர் சிகிச்சை தந்த அல்லது ஆலோசனை சொன்ன நோயும் இதில் அடங்கும். இதற்கான உச்ச வரம்பு 2024 ஏப்ரலுக்கு முன் 48 மாதமாக இருந்தது. இப்போது 36 மாதம்.

இவ்விரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தினால் எது நீளமோ அதுவே நிற்கும். எடுத்துக்காட்டாக, சுசீந்திரத்தில் ஒரு குடும்பம் 2025 ஜனவரியில் பாலிசி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு நாள்பட்ட டான்சில் அழற்சி என்று 2024-லேயே மருத்துவர் எழுதியிருக்கிறார், அதைப் படிவத்தில் தெரிவித்தும் இருக்கிறார்கள். பாலிசியில் முன்பிருந்த நோய்க்கு 36 மாதக் காத்திருப்பு. அப்படியானால் 2027 ஜனவரியில் இல்லை, 2028 ஜனவரியில்தான் டான்சில் அறுவைக்கு வழி திறக்கும். அதே குடும்பம் பிள்ளைக்கு எதுவும் வருமுன் பாலிசி எடுத்திருந்தால் 2027 போதும்.

காத்திருப்பு ஆளுக்கு ஆள் தனித்தனியாக ஓடும் கடிகாரம். குடும்பப் பாலிசிக்கு ஐந்து வயதாகியிருந்தாலும், பிள்ளையை மூன்றாம் ஆண்டில்தான் சேர்த்திருந்தால் பிள்ளையின் கடிகாரம் அன்றுதான் ஓடத் தொடங்கும். காப்பீட்டுத் தொகையை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தினால், கூடிய 2 லட்சத்துக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். நிறுவனத்தை மாற்றிக்கொண்டால், இடைவெளியில்லாமல் முறைப்படி மாற்றியிருந்தால், பழைய இடத்தில் காத்திருந்த மாதங்கள் கணக்கில் சேரும். பிரீமியம் கட்டத் தவறிச் சலுகை நாள்களும் கடந்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

ஓ.பி. சீட்டும் ‘சின்னதுல இருந்தே’ என்ற சொல்லும்

நாகர்கோவிலில் ஒரு கிளினிக்கில் பிள்ளையைக் காட்டிவிட்டு வரும்போது கையில் ஒரு சீட்டு இருக்கும். அதில் மருந்துகளுக்கு மேலே, பலர் வாசிக்கவே வாசிக்காத ஒரு வரியில், நோயின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு வரி பின்னாளில் ஆயிரக்கணக்கான ரூபாயைத் தீர்மானிக்கும். ‘தொண்டை அழற்சி’ என்றிருந்தால் அது வந்துபோன காய்ச்சல். ‘நாள்பட்ட டான்சில் அழற்சி, அறுவை பரிந்துரைக்கப்படுகிறது’ என்றிருந்தால் அது முன்பிருந்த நோய். அந்தச் சீட்டுக்குப் பிறகு பாலிசி எடுப்பவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும்.

இடையில் ஒரு தெளிவற்ற பகுதியும் உண்டு. பாலிசிக்கு இரண்டு ஆண்டு முன்பு ஒரே ஒரு முறை தொண்டை வலிக்கு மருந்து வாங்கியிருந்தால் அது முன்பிருந்த நோயாகுமா? நிறுவனத்தின் மருத்துவர் ஆகும் என்று வாதிடக்கூடும். ஒரு முறை வந்து முழுதும் ஆறிய தொற்றும் நாள்பட்ட நோயும் வேறு என்பதே நியாயமான வாசிப்பு என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். எப்படியானாலும் படிவத்தில் ‘இந்த ஆண்டில் ஒரு முறை தொண்டை அழற்சி, மருந்தில் குணமானது’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் பின்னால் சண்டையே வராது.

சீட்டைவிட ஆபத்தானது மருத்துவமனையில் சேரும்போது வாயால் சொல்வது. பணியில் இருக்கும் இளம் மருத்துவர் நோய் வரலாறு கேட்பார். ‘எவ்வளவு நாளா இருக்கு?’ பதற்றத்தில் அம்மா, ‘சின்னதுல இருந்தே இவனுக்கு இப்படித்தான் டாக்டர்’ என்பார். அவர் சொல்ல வருவது, பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிக்கும் என்பதுதான். மருத்துவர் எழுதுவதோ ‘குழந்தைப் பருவம் முதல் தொடர் டான்சில் அழற்சி’ என்று. அந்த வரி வெளியேற்றச் சுருக்கத்தில் அச்சாகி நிறுவனத்துக்குப் போகும். மூன்று ஆண்டு முன்பு எடுத்த பாலிசியில் இந்த நோயைத் தெரிவிக்கவில்லையே என்ற கேள்வியோடு கோப்பு திரும்பி வரும். பொய் சொல்லச் சொல்லவில்லை. எந்த மாதம் முதல் அழற்சி, எத்தனை முறை, யார் பார்த்தார்கள் என்று தேதியோடு சொல்ல வேண்டும் என்பதுதான். பழைய சீட்டுகளை ஒரு உறையில் வரிசையாக வைத்திருப்பவருக்கு இது எளிது. சுருக்கத்தில் தவறாக எழுதப்பட்டிருந்தால், வீட்டுக்குப் புறப்படுமுன் சிகிச்சையளித்த மருத்துவரிடமே திருத்தம் கேட்கலாம். மாதக்கணக்கில் கழித்து வாங்கும் விளக்கக் கடிதத்தை நிறுவனங்கள் ஐயத்தோடுதான் பார்க்கும்.

ஏற்கெனவே எடுத்தவர்கள்

டான்சில் எடுத்து ஆண்டுகள் ஆனவர் புதிதாகப் பாலிசி எடுக்கும்போது படிவத்தில் ‘இதற்கு முன் ஏதேனும் அறுவை செய்துள்ளீர்களா?’ என்ற கேள்வி வரும். ஆம் என்று எழுதி, ஆண்டையும் காரணத்தையும் குறிப்பிட வேண்டும். பழைய வெளியேற்றச் சுருக்கம் இருந்தால் நகல் இணைக்கலாம். முழுதும் ஆறிப்போன, உடலில் குறை எதையும் விட்டுச்செல்லாத அறுவை என்பதால், சாதாரணத் தொற்றுக்காக எடுத்திருந்தால் இதன் பொருட்டுப் பிரீமியத்தைக் கூட்டுவதோ பாலிசியை மறுப்பதோ வழக்கமில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் போன்றவற்றோடு ஒப்பிட்டால் காப்பீட்டாளர் கண்ணில் இது ஒன்றுமே இல்லை.

அவர் பார்ப்பது, போன சதையைப் பற்றி இல்லை. அது ஏன் எடுக்கப்பட்டது, போகும்முன் என்ன செய்துவிட்டுப் போனது என்பவற்றைத்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைத் தொண்டைத் தொற்று சிலருக்கு வாதக் காய்ச்சலாக மாறி இதய வால்வைக் கெடுக்கும். அப்படிப்பட்டவருக்கு டான்சில் எடுத்தது செய்தி இல்லை, வால்வுதான் செய்தி. ஒரு பக்க டான்சில் மட்டும் வீங்கியிருந்த பெரியவருக்குப் புற்றுநோய் ஐயத்தால் எடுத்திருந்தால், திசுப் பரிசோதனை அறிக்கை என்ன சொன்னது என்று கேட்பார்கள். அறிக்கை நல்லபடியாக இருந்தால் அந்தக் காகிதம் பொன். பத்திரப்படுத்த வேண்டும். உடல் பருமனோடு தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்து, அதற்காக எடுத்த பெரியவரிடம், மூச்சடைப்பு இப்போது நீங்கிவிட்டதா என்ற கேள்வி வரும். பிள்ளையின் டான்சிலும் பெரியவரின் டான்சிலும் காப்பீட்டில் ஒன்றல்ல.

எடுத்த பிறகும் காத்திருப்புப் பட்டியலில் டான்சில் அகற்றல் என்ற வரி இருக்கத்தான் செய்யும். இல்லாத சதைக்கு அது பொருளற்றது. ஆனால் அதன் பக்கத்தில் உள்ள ‘தீங்கற்ற காது மூக்கு தொண்டைக் கோளாறுகள்’ என்ற வரி அகலமானது. டான்சில் எடுத்தவருக்குப் பின்னால் சைனஸ் அறுவையோ காதுச்சவ்வு அறுவையோ தேவைப்பட்டால், 24 மாதம் அதற்கும் காத்திருக்கத்தான் வேண்டும். அடினாய்டு சில பிள்ளைகளுக்கு மீண்டும் வளர்வதும் உண்டு.

மறைத்தால் என்ன ஆகும்

‘இது எல்லாம் எழுதணும்னு இல்ல சார், தேவையில்லாத கேள்வி வரும்’ என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். படிவத்தைத் தாமே நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்குபவர்களும் உண்டு. கையெழுத்து யாருடையதோ பொறுப்பும் அவருடையது.

ஒருவர் டான்சில் அறுவையை மறைத்தார், பிறகு முழங்கால் சிகிச்சைக்குப் பணம் கேட்டார் என்றால் மறுக்கலாமா? நீதிமன்றங்களின் போக்கு இரு முகமாக இருக்கிறது. 2009-ல் மெடிகிளைம் பாலிசி பற்றிய ஒரு வழக்கில், சர்க்கரை நோயையும் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறையும் தெரிவிக்காதது முக்கிய உண்மையை மறைத்ததாகும் என்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2015-ல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில், மறைக்கப்பட்டது முதுகெலும்புக் கோளாறு, இறப்புக்குக் காரணம் இதய நோய், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கூறிப் பணம் தரச் சொன்னது. 2021 டிசம்பரில், தெரிவிக்கப்பட்ட உடல்நிலையை ஆராய்ந்து பாலிசி கொடுத்துவிட்ட நிறுவனம், பின்னால் அதே உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது என்றது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், தெரிவித்தவருக்குத்தான் சட்டம் உறுதியான துணை. மறைத்தவர் வழக்காடி வெல்லலாம், ஆனால் வழக்காட வேண்டியிருக்கும். டான்சிலைப் போல ஒன்றுமில்லாத விஷயத்துக்காக அந்தத் துன்பத்தை விலை கொடுத்து வாங்குவது அறிவுடைமையாகாது.

2024 முதல் இன்னொரு பாதுகாப்பும் வலுப்பெற்றிருக்கிறது. இடைவெளியின்றி 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், திட்டமிட்ட மோசடி என்று நிறுவனம் நிரூபித்தாலன்றி, ‘தெரிவிக்கவில்லை’ என்ற காரணத்தால் பணத்தை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு ஆண்டாக இருந்தது.

பில் கணக்கு

காத்திருப்பு முடிந்துவிட்டது, அறுவைக்கு நாள் குறித்தாயிற்று என்றாலும் முழுப் பணமும் வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. 24 மணி நேரம் படுக்கையில் இருந்தால்தான் பணம் என்ற பழைய கட்டுப்பாடு டான்சிலுக்குத் தடையில்லை. பகல்நேரச் சிகிச்சைப் பட்டியல் தரும் பாலிசிகளில் டான்சில் அகற்றல் வழக்கமாக இடம்பெறுகிறது. காலையில் சேர்ந்து மாலையில் திரும்பினாலும் செல்லும். இடிப்பது அறை வாடகையில்.

ஆரோக்கிய சஞ்சீவனியில் 2 லட்சத்துக்குப் பாலிசி என்று கொள்வோம். அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, உச்சம் 5,000 ரூபாய். இங்கே அது நாளுக்கு 4,000. குடும்பமோ 6,000 ரூபாய் அறையில் இரண்டு நாள் தங்குகிறது. கணக்குக்காக, அறை 12,000, அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அறுவை அரங்கு எல்லாம் சேர்த்து 30,000, மருந்தும் பரிசோதனையும் 12,000, மொத்தம் 54,000 என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு 8,000தான் கிடைக்கும். அதோடு நிற்காது. அறையின் தரத்தையொட்டி மற்றக் கட்டணங்களும் ஏறியிருக்கும் என்ற கணக்கில், அந்த 30,000-உம் ஆறுக்கு நான்கு என்ற விகிதத்தில் 20,000 ஆகக் குறையும். மருந்தும் பரிசோதனையும் இந்த வெட்டிலிருந்து தப்பும். ஆக 40,000. அதில் 5 விழுக்காடு நாமே ஏற்க வேண்டிய பங்கு. கைக்கு வருவது 38,000. நாளுக்கு 2,000 கூடுதலான அறைக்காகக் கொடுத்த விலை, அறை வாடகை வேறுபாட்டைப் போலப் பல மடங்கு. 4,000 ரூபாய் அறையில் இருந்திருந்தால், மற்றவை மாறாத நிலையில், 50,000 ரூபாய் பில்லுக்கு 47,500 வந்திருக்கும்.

கையுறை, முகமூடி, பதிவுக் கட்டணம் போன்றவை பல பாலிசிகளில் கழிக்கப்படும். கோப்ளேஷன் முறையில் அறுவை செய்தால் ஒரு முறை மட்டும் பயன்படும் கருவிமுனைக்குத் தனி விலை போடுவார்கள். அதை ஏற்பார்களா என்று முன் அனுமதி கேட்கும்போதே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

டான்சில் அறுவைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வீடு திரும்பிய பின், ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், புண்ணின் மேலுள்ள பொருக்கு உதிரும்போது சிலருக்கு இரத்தம் வரும். வாயில் இரத்தம் கண்டால் காப்பீட்டை நினைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கடைசியாக மருத்துவமனையில் காட்டிய நாளிலிருந்து 45 நாளுக்குள் அதே நோய் திரும்பினால் காப்பீட்டு வரையறையில் அது ஒரே நோயாகவே எண்ணப்படும். எனவே முதல் கோரிக்கை ஏற்கப்பட்டிருந்தால் இரண்டாவது சேர்க்கையும் அதன் தொடர்ச்சியே. முதல் கோரிக்கை காத்திருப்பால் மறுக்கப்பட்டிருந்தால், இரத்தப்போக்குக்கான செலவும் அதோடு போகும் வாய்ப்பே அதிகம்.

பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கை வந்தால் நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், வீடு திரும்பும் நாளில் மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்று 2024 மே மாதச் சுற்றறிக்கை கூறுகிறது.

குமரி மாவட்டத்தின் நிலை

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. சளியும் தொண்டை வலியும் ஆண்டில் இரு முறை சுற்றிவருவது வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. மருத்துவமனைகளுக்கும் குறைவில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய நெய்யூர் இங்கேதான் இருக்கிறது. (1924 எவரெஸ்ட் பயணத்தில் தொண்டையின் உட்சவ்வு உரிந்து மூச்சுக்குழலை அடைக்க, சாகப்போகிறோம் என்று பனியில் உட்கார்ந்து, கடைசி முயற்சியாக இருமித் துப்பிப் பிழைத்த ஹோவர்ட் சோமர்வெல், நெய்யூரில் பல்லாண்டு பணிபுரிந்த அறுவை மருத்துவர்.) இருந்தும் பலர் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறார்கள். பாலிசி இந்தியா முழுதும் செல்லும். மாநில எல்லை தடையில்லை. ஆனால் சில பாலிசிகள் நகரங்களை மண்டலங்களாகப் பிரித்து, பிரீமியம் குறைந்த மண்டலத்தில் உள்ளவர் பெருநகரில் சிகிச்சை பெற்றால் ஒரு பங்கைத் தாமே ஏற்கச் சொல்கின்றன. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் பணமில்லாச் சிகிச்சை கேட்கலாம் என்ற ஏற்பாடு 2024 ஜனவரியில் வந்தது. திட்டமிட்ட அறுவை என்றால் 48 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். டான்சில் பெரும்பாலும் திட்டமிட்ட அறுவைதான்.

காத்திருப்பு இல்லாத வழிகளும் இந்த மாவட்டத்தில் பலருக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன, தெரியாமலே இருக்கின்றன. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்யும் பெண்ணுக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடு இருந்தால் வேலையில் சேர்ந்த நாள் முதலே அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவப் பயன் உண்டு. நிறுவனங்கள் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுக் காப்பீட்டில் காத்திருப்பு பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். சென்னையிலோ பெங்களூரிலோ கணினி வேலையில் இருக்கும் தந்தை, பிள்ளைக்கெனத் தனிப் பாலிசி தேடுமுன் தன் அலுவலகப் பாலிசியைப் படிக்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. குறிப்பிட்ட அறுவை அதன் பட்டியலில் எந்த மருத்துவமனைக்குப் பொருந்தும் என்பதை அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டால் சொல்வார்கள். எந்தக் காப்பீடும் இல்லாவிட்டாலும் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பாலிசியின் 24 மாதம் முடியட்டும் என்று அறுவையைத் தள்ளிப்போடும் பெற்றோர் இருக்கிறார்கள். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை தொண்டை வலி வரும் பிள்ளை என்றால், மருத்துவரும் ஒப்புக்கொண்டால், காத்திருக்கலாம். காத்திருக்கையிலேயே பலருக்கு அழற்சி குறைந்து அறுவையே தேவையில்லாமல் போவதும் உண்டு. இரவில் மூச்சு நின்று நின்று வரும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அந்தப் பிள்ளையின் வளர்ச்சியும் படிப்பும் ஒவ்வொரு இரவும் குறைகின்றன.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

குமரிக் குடும்பங்களில் வளைகுடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போன ஒருவராவது இருப்பார். நாட்டுக்கு நாடு விதி வேறு. ஆஸ்திரேலியாவில் தனியார் மருத்துவமனைக் காப்பீட்டில் முன்பிருந்த நோய்க்கு உச்சக் காத்திருப்பு 12 மாதம், மற்ற பெரும்பாலான சிகிச்சைகளுக்கு இரண்டு மாதம். உடல்நிலையைக் காட்டிப் பிரீமியத்தைக் கூட்டச் சட்டம் இடம் தருவதில்லை. 2019 முதல் உள்ள தரப்பிரிவுகளில் டான்சிலும் அடினாய்டும் வெண்கலப் பிரிவு முதற்கொண்டே கட்டாயமாக அடங்கும். அமெரிக்காவில் 2014 முதல் முன்பிருந்த நோயைக் காட்டி மறுப்பதே பொதுவாகத் தடை. அங்கே பழகியவர்கள் ஊர் திரும்பி இங்கே பாலிசி எடுக்கும்போது 24 மாதம் என்றதும் திகைக்கிறார்கள். வெளிநாட்டில் காப்பீட்டில் இருந்த ஆண்டுகள் இங்கே காத்திருப்பில் கழிபடுவதில்லை. பிள்ளைக்கு அங்கேயே அறுவை முடிந்திருந்தால் அதன் சுருக்கத்தையும் திசுப் பரிசோதனை அறிக்கையையும் கையோடு கொண்டுவர வேண்டும். பின்னால் கேட்டு வாங்குவது கடினம்.

மறுக்கப்பட்டால்

மறுப்புக் கடிதத்தில் எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். குறிப்பிட்ட அறுவைக் காத்திருப்பு என்றால், தேதி சரியாக இருக்கும் பட்சத்தில், வாதாடப் பெரிதாக இடமில்லை. பாலிசி அட்டவணையில் முதல் தொடக்க நாள் சரியாகப் பதிவாகியிருக்கிறதா, மாற்றி வந்த பாலிசி என்றால் பழைய மாதங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். இந்தப் பிழை அடிக்கடி நடக்கக்கூடியது. முன்பிருந்த நோய் என்று மறுத்தால் நிலைமை வேறு. எந்த மருத்துவர், எந்த நாளில், என்ன எழுதினார் என்ற ஆவணத்தை நிறுவனம் காட்ட வேண்டும். ‘இவ்வளவு வீக்கம் ஓராண்டில் வந்திருக்க முடியாது’ என்பது ஊகம், ஆவணம் இல்லை.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாடு முழுதும் அவர் எல்லைக்குள் வரும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. தபாலிலோ இணையத்திலோ மனு அனுப்பலாம். அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், மனுதாரரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே தோற்றாலும் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகும் வழி திறந்தே இருக்கும். அங்கே இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது பாலிசிப் பத்திரம், முன்மொழிவுப் படிவத்தின் நகல், வெளியேற்றச் சுருக்கம், மறுப்புக் கடிதம் ஆகிய நான்கும்தான். இவற்றில் முன்மொழிவுப் படிவத்தின் நகல்தான் பெரும்பாலும் வீட்டில் இருக்காது. பாலிசி வந்த உடனே, திருப்பித் தரக்கூடிய 30 நாளுக்குள், அதைக் கேட்டு வாங்கி முகவர் நம் பெயரில் என்ன எழுதியிருக்கிறார் என்று வாசித்துவிட வேண்டும்.